பேட்டரி போச்சா, ஆல்டர்னேட்டர் போச்சா?

சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று சத்தம் மட்டும்தான் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. உடனே "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று சொல்லிவிடுவார்கள். சின்ன காருக்கே பல ஆயிரம் ரூபாய் சமாச்சாரம் இது. மாற்றிய பத்தாவது நாள் புதுசும் படுத்துவிட்டால், கோளாறு வேறெங்கோ இருந்திருக்கிறது என்று அர்த்தம். பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டரைக் கையில் எடுங்கள். எலெக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

இரவு முழுக்க நின்ற காரை, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சோதியுங்கள். ஓட்டி வந்த கையோடு அளந்தால் மீட்டர் கூடுதலாகத்தான் காட்டும். டயலை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொடுங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. காலி என்றால் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். டிக்கி சரியாக மூடாமல் உள்விளக்கு ராத்திரி முழுக்க எரிந்திருக்கலாம். சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

உண்மையான பரீட்சை அடுத்ததுதான். வீட்டில் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு மீட்டரையே பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கவலை இல்லை. முழு சார்ஜ் இருந்தும் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. நம் ஊர் வெயிலில் மூன்று, நான்கு வருடத்திலேயே இப்படி ஆவது சகஜம்.

இன்ஜின் ஓடும்போது 13.7 முதல் 14.7 வரை இருக்க வேண்டும். புது மாடல்களில் சார்ஜிங்கை கம்ப்யூட்டர் கவனிப்பதால் கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனால், 12.5-லேயே நகராமல் நின்றால் ஆல்டர்னேட்டர், பெல்ட், ஒயரிங் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பேட்டரி மேலே பச்சைக் கண் தெரிகிறதே என்பீர்கள். உள்ளே இருப்பது ஆறு செல்; அந்தக் கண் பார்ப்பது ஒன்றே ஒன்றை! மற்ற ஐந்தில் ஒன்று கெட்டிருந்தாலும் அது பச்சையாகவே சிரிக்கும். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், ஒயரைக் கழற்றி, ஆப்ப சோடா கலந்த வெந்நீரில் தேய்த்துத் துடைத்தாலே சில வண்டிகள் கிளம்பிவிடும்.

இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வைத்தியத்தை யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள். இன்றைய கார்களின் எலெக்ட்ரானிக்ஸ் அதைத் தாங்காது. ஸ்பானரால் இரண்டு டெர்மினலையும் உரசிப் பொறி பார்ப்பது அதைவிட ஆபத்து. சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி பட்டால் வெடித்து, ஆசிட் முகத்தில் தெறிக்கும். நீங்களே கழற்றுவதாக இருந்தால் மைனஸை முதலில் எடுங்கள்; மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.