பூங்காவுக்குக் குடிபெயர்ந்த வீடுகள்

விடுமுறை நாள்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரையும் வாகனங்களில் ஒரு பகுதி, முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவின் வாயிலில் நின்றுவிடுகிறது. சென்னையிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், பத்து ஏக்கர் பரப்பில், தென்மாநிலங்களின் மரபு வீடுகளை ஒரே வளாகத்தில் காட்டும் இடம் அது. பெரியவர்கள் திண்ணையில் அமர்ந்து தங்கள் இளமைக்கால ஊரைப் பற்றிப் பேசுகிறார்கள். பிள்ளைகள் குயவரின் சக்கரத்தில் கைவைத்துப் பார்க்கிறார்கள். அண்மையில் நானும் ஒரு சுற்றுலாப் பயணியாக அங்கே அரைநாள் செலவிட்டேன்.

மரபுப் பூங்காவுக்குச் செல்லும் பயணி கேட்கும் கேள்விகள் பல: இந்த வீடு எந்த ஊரைச் சேர்ந்தது, எத்தனை ஆண்டு பழைமையானது, எந்த மரத்தால் ஆனது? எல்லாவற்றுக்கும் விடை கிடைக்கிறது. ஆனால், முதலில் கேட்க வேண்டிய கேள்வியை நாம் கேட்பதில்லை. இந்த வீடு ஏன் தன் ஊரை விட்டு இங்கே வந்தது?

1984-இல் டெபோரா தியாகராஜன் நிறுவிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் உருவாக்கிய இந்த அருங்காட்சியகம், 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வளாகத்தின் அமைப்பைத் திட்டமிட்டுத் தந்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்கிரகார வீடு, பட்டு நெசவாளர் வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு, கர்நாடகத்தின் இல்கல் நெசவாளர் வீடு, புயல் காற்றைத் தாங்குவதற்கென வட்ட வடிவில் அமைந்த ஆந்திரக் கடலோரக் குடில் என 18 வீடுகள் இங்கு உள்ளன. பெரும்பாலானவை இடிபடவிருந்த வீடுகள். அவற்றை உரிமையாளர்களிடம் விலைக்கு வாங்கி, தூண், உத்தரம், கதவு, ஓடு எனப் பிரித்தெடுத்து வந்து, அந்தந்தப் பகுதிக் கைவினைஞர்களைக் கொண்டே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். அரசு செய்யத் தவறியதை ஒரு தனியார் அமைப்பு செய்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. இதை முழுமனத்தோடு பாராட்டிய பிறகும், இடிபடவிருந்தவை என்ற சொல் உறுத்துகிறது. மீட்கப்பட்டவை 18. மீட்க ஆளின்றி மண்ணோடு மண்ணானவற்றுக்குக் கணக்கே இல்லை.

இத்தகைய திறந்தவெளி அருங்காட்சியகங்களின் முன்னோடி, ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசேலியஸ் 1891-இல் திறந்த ஸ்கேன்சன். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பண்ணை வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து அவர் அங்கே நிறுத்தினார். ஸ்வீடனில் தொழிற்சாலைகள் பெருகி, கிராம மக்கள் நகரங்களுக்கும் அமெரிக்காவுக்கும் கூட்டம் கூட்டமாக வெளியேறிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு வாழ்க்கைமுறை அதைத் தாங்கிய பொருளாதாரத்தை இழக்கும்போதுதான் அது காட்சிப்பொருளாகிறது. அன்று ஸ்வீடனில் நிகழ்ந்ததே இன்று நம் கண்முன் நிகழ்கிறது.

செட்டிநாட்டு வீட்டையே எடுத்துக்கொள்வோம். பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் ஆத்தங்குடித் தரைக்கற்களையும் கண்டு வியக்கிறோம். அவற்றை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? ஐராவதி ஆற்றின் கழிமுகம் உலகின் பெரும் நெல் ஏற்றுமதிப் பகுதியாக வளர்ந்தபோது, அங்குள்ள உழவர்களுக்குக் கடன் வழங்கியவை நகரத்தார் நிறுவனங்கள். 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு விளைநிலம் அவர்கள் வசம் இருந்தது. பர்மிய உழவர் நிலத்தை இழந்தார். நகரத்தாரின் மூலதனமோ நிலத்தில் முடங்கியது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948-இல் பர்மாவின் நில தேசியமயச் சட்டம் என அடுத்தடுத்து வந்த அடிகளில் அந்த வணிக உலகம் முடிவுக்கு வந்தது. வருவாய் நின்றது, வீடு மட்டும் நின்றுகொண்டிருக்கிறது.

அந்த வீட்டின் இன்றைய பொருளியல் இன்னும் சிக்கலானது. பல தலைமுறைகளுக்குப் பின் ஒரே வீட்டில் ஐம்பது 'புள்ளி'களுக்குப் பங்கு இருக்கலாம். கூரையைச் செப்பனிடும் செலவை ஒருவர் ஏற்றால் பயன் ஐம்பது பேருக்கும் போய்ச்சேரும். ஆகவே, ஒருவரும் ஏற்பதில்லை. பங்காளிகள் அனைவரும் கையொப்பமிட்டால்தான் வீட்டை விற்க முடியும் என்பதால் முழு வீட்டுக்கு வாங்குவோர் அரிது. ஆனால், தூணுக்கும் நிலைக்கதவுக்கும் விலை உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் தூண்களும் கதவுகளும் இதற்குச் சான்று. நிற்கும் வீட்டின் மதிப்பைவிடப் பிரித்த வீட்டின் மதிப்பு கூடுதலாகிவிட்டால், இடிப்பதே உரிமையாளருக்கு லாபம். இதற்காக அவரைக் குறைகூற இயலாது. தெருவின் அழகை வழிப்போக்கர் அனைவரும் துய்க்கிறோம். அதற்கான செலவை அவர் ஒருவரே சுமக்கிறார்.

நெசவாளர் வீட்டின் கதை வேறு. அங்கே வீட்டைவிடத் தொழிலே பெரிய மரபு. மத்திய அரசின் 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை, 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சமாகக் குறைந்தது. நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் ரூ.5,000-க்கும் குறைவு என்றும் பின்னைய கணக்கெடுப்பு கூறுகிறது.

இதற்கான விளக்கத்தைப் பொருளியலாளர்கள் வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் 1966-இல் நிகழ்த்துகலைகளைப் பற்றி எழுதிய நூலில் தந்தார்கள். ஆலைத் தொழிலாளியின் ஒரு மணிநேர உற்பத்தி இயந்திரத்தால் பன்மடங்கு பெருகுகிறது. அதற்கேற்பக் கூலியும் உயர்கிறது. கச்சேரி செய்யும் கலைஞரால் அப்படிப் பெருக்கிக்காட்ட முடியாது. அதே இசைக்கு அதே நேரம் தேவை. குயவரும் நெசவாளரும் இதே நிலையில் உள்ளவர்கள். பாட்டனாருக்கு ஒரு பானை வனைய எவ்வளவு நேரம் ஆயிற்றோ, ஏறக்குறைய அவ்வளவு நேரமே பேரனுக்கும் ஆகிறது. சுற்றியுள்ள எல்லாக் கூலியும் உயரும்போது பானையின் விலை உயர வேண்டும். அல்லது பேரன் வேறு வேலைக்குப் போக வேண்டும். விலையை உயர்த்த நாம் விடவில்லை, பேரன் போய்விட்டார். பூங்காவில் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, வெளியே வந்து ஒரு சட்டிக்கு இருபது ரூபாய் குறைத்துப் பேரம் பேசும் பழக்கமும் இதில் சேர்த்தி.

பூங்காவால் காட்ட முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே வணிகர் வீட்டிலிருந்து குயவர் வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. உண்மையான கிராமத்தில் அந்தத் தொலைவைச் சாதி அளந்தது. ஊருக்கும் சேரிக்கும் இடையே ஒரு வெளி இருந்தது. சில தெருக்களில் சிலர் செருப்பணிந்து நடக்க முடியாது. பெயர்த்துக் கொண்டுவரும்போது வீடு வருகிறது, இடைவெளி வருவதில்லை. கிராமத்திலிருந்து வெளியேறியவர்கள் அனைவரும் வறுமையால் மட்டும் வெளியேறவில்லை. பழைய வாழ்க்கையை அப்படியே மீட்க வேண்டும் என்பது எவருடைய கோரிக்கையாகவும் இருக்கக் கூடாது. கைத்திறனும் கட்டடமும் காக்கப்பட வேண்டும். அவற்றோடு ஒட்டியிருந்த இழிவு காக்கப்பட வேண்டியதன்று. பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் 3,600-க்கும் மேற்பட்ட நினைவுச்சின்னங்கள் உள்ளன. கோயில்களும் கோட்டைகளும் கல்லறைகளுமே அவற்றில் மிகுதி. மக்கள் குடியிருக்கும் வீடுகள் அந்த வரம்புக்குள் வருவதில்லை. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. அடுத்த பத்தாண்டுகள் அது ஏட்டளவிலேயே இருந்தது. செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014-இல் இடம்பெற்றன. பட்டியலில் பெயர் ஏறுவதால் கூரை ஒழுகுவது நிற்பதில்லை.

நமக்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி உள்ளது. புதுச்சேரியின் தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவித் திட்டம் ஒன்றின் கீழ், உள்ளாட்சி நிர்வாகமும் இன்டாக் அமைப்பும் உரிமையாளர்களின் பங்களிப்போடு வீட்டு முகப்புகளையும் திண்ணைகளையும் சீரமைத்தன. 2008-இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. வீடுகள் தங்கள் தெருவிலேயே நிற்கின்றன. 2017-இல் இந்தியாவின் முதல் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்ட அகமதாபாதில் வேறொரு வழி. பழைய வீட்டைக் காக்கும் உரிமையாளர், அங்கே கட்டாமல் விட்ட பரப்புக்கான உரிமையை வேறிடத்தில் கட்டுவோருக்கு விற்கலாம்.

நிலமதிப்பு மிகுந்த மயிலாப்பூருக்கும் கும்பகோணத்துக்கும் அகமதாபாத் வழி பொருந்தும். நிலத்துக்குப் போட்டியில்லாத செட்டிநாட்டுக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் புதுச்சேரி வழியே ஏற்றது. உரிமையாளர் ஒரு ரூபாய் போட்டால் அரசு ஒரு ரூபாய் போட வேண்டும். சீரமைத்த வீட்டுக்குச் சொத்துவரிச் சலுகை வேண்டும். பல பங்காளிகள் உள்ள வீட்டைப் பெரும்பான்மை முடிவின்படி ஓர் அறக்கட்டளையாக மாற்ற எளிய சட்டவழி வேண்டும். கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் சில மாளிகைகள் தங்கும் விடுதிகளாக வாழ்வு பெற்றுள்ளன என்பது உண்மை. எல்லா வீடுகளும் விடுதியாகிவிட முடியாது. சிறிய வீடுகளுக்கு அந்த வழியே இல்லை.

கைவினைஞருக்கு வேண்டியது காட்சிக்கூடம் அன்று, தொடர்ந்த வேலை. அரசிடம் பழைய கட்டடங்கள் ஏராளம். அவற்றின் சீரமைப்பை ஆண்டுதோறும் முறையாகத் திட்டமிட்டால், சுண்ணாம்புக் காரை பூசுவோருக்கும் மரத் தச்சருக்கும் ஆண்டு முழுவதும் வேலை கிடைக்கும். மகன் தந்தையிடம் தொழில் கற்கக் காரணம் இருக்கும். சுற்றுலா மாளிகைகளும் அரசு அலுவலகங்களும் மண்பாண்டத்தையும் கைத்தறித் துணியையும் நியாயமான விலையில் வாங்குவது மானியம் ஆகாது. சந்தையில் நாம் கொடுக்கத் தவறிய கூலியைக் கொடுப்பதே ஆகும்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வி எழும். ஒரு கிராமத்துப் பழந்தெருவைச் சீரமைக்கும் செலவு, நாம் தயங்காமல் கட்டும் ஒரு நகர மேம்பாலத்தின் செலவில் சிறு பகுதியே. மேலும், இது காலக்கெடு உள்ள செலவு. மேம்பாலத்தைப் பத்தாண்டு கழித்தும் கட்டலாம். பிரித்து விற்கப்பட்ட வீட்டை மீண்டும் எழுப்ப முடியாது. கைவிடப்பட்ட தொழிலை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஆளிருக்காது.

புதிய மரபுப் பூங்காக்கள் வரட்டும். மக்கள் குடும்பத்தோடு சென்று பார்க்கட்டும். ஆனால், மரபைக் காப்பதில் ஓர் அரசு எவ்வளவு வெற்றி பெற்றது என்பதை அந்தப் பூங்காக்களின் நுழைவுச்சீட்டு விற்பனையைக் கொண்டு அளக்கலாகாது. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பழைய வீடுகளில் இன்னும் அடுப்பு எரிகிறது, எத்தனை தறிகள் இன்னும் ஓடுகின்றன என்ற கணக்கை வட்டம் வட்டமாக எடுத்துச் சட்டப்பேரவையின் முன் வைக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பை அரசு இந்த ஆண்டே தொடங்கலாம்.