எத்தியோப்பியா: பாறைக் கோயில்களின் நாடு

இத்திங்கள் கிழக்கு ஆப்பிரிக்காவின் மலைநாடாகிய எத்தியோப்பியாவை நோக்குவோம். அதன் தலைநகர் அடிஸ் அபாபா. 1993இல் எரித்திரியா தனிநாடானபின் இந்நாட்டிற்குக் கடற்கரை இல்லை.

கிறித்தவம் அங்கே ஐரோப்பியர் வழிச் சென்றதன்று. நான்காம் நூற்றாண்டிலேயே அக்சும் மன்னன் எசானா அதனைத் தழுவினான். தீர் நகரத்தவரான ஃபுருமென்டியஸ் முதல் ஆயரானார். லாலிபெலாவில் பாறையைக் குடைந்தெடுத்த 11 கோயில்களில் இன்றும் வழிபாடு நடக்கிறது. மாமல்லபுரத்து இரதங்களைக் கண்ட நமக்கு அவ்வுழைப்பின் அருமை எளிதில் விளங்கும்.

நெடுங்காலம் எகிப்திலிருந்தே தலைமை ஆயர் வந்தார். 1959இல்தான் அத்திருச்சபை தனக்கெனத் தலைமைக்குருவைப் பெற்றது. 1974இல் பேரரசர் ஹைலே செலாசி வீழ்ந்தார். பின்வந்த இராணுவ ஆட்சி திருச்சபையின் நிலங்களைப் பறித்தது. தலைமைக்குரு தெவோஃபிலோஸ் 1979இல் கொல்லப்பட்டார். எனினும் சமயம் அழியவில்லை. 2007ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் அத்திருச்சபையினரே. முஸ்லிம்கள் ஏறத்தாழ 34 பேர்.

ஒன்று மட்டும் நம் நெஞ்சைத் தைக்கிறது. அவர்தம் வழிபாட்டு மொழி தொன்மையான கீயஸ். குருமார் அதனை ஓதுகின்றனர். ஆனால் எந்தத் தாயும் அம்மொழியில் தன் குழந்தையைத் தாலாட்டுவதில்லை. வீடுகளில் அம்ஹாரிக், திகிரிஞா முதலிய மொழிகளே வழங்குகின்றன.

ஊர்விட்டு வந்து வாழும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழ் நம் விழா மேடையில் மட்டும் நின்றுவிடலாகாது. அடுக்களையிலும் ஒலிக்க வேண்டும்.