நாய்களின் வினோத உடை நாள்: நாம் போகலாமா?



ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, நம் ஆலயத்துக்கு அருகிலுள்ள பூங்காவில் அயலவர்கள் ஒரு வினோத உடைப் போட்டி நடத்துகிறார்கள். போட்டியாளர்கள் அவர்களுடைய வளர்ப்பு நாய்கள். சேரும் காசு, விலங்குக் காப்பகம் ஒன்று பள்ளிக்கூடங்களில் நடத்தும் வகுப்புகளுக்குப் போகும். நாங்களும் ஒரு மேசை போட்டு உதவ முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

இதைப் பற்றிக் கதைத்தபோது மூன்று கேள்விகள் எழுந்தன. "ஊரில் பிள்ளைகள் கஷ்டப்பட, நாய்க்குக் காசு சேர்ப்பதா?" "இது ஹலோவீன் மாதிரி இல்லையா?" "அந்த நாய் உடுப்புக் கேட்டதா?" மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆனாலும் நாம் போகத்தான் வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

முதலாவது, காசு. ஊருக்கு அனுப்பும் காணிக்கையில் ஒரு பென்னியும் எடுக்க வேண்டாம். ரோல்ஸும் கேக்கும் விற்று வருவதைக் கொடுப்போம். ஆனால் மிருகங்கள் மீதான இரக்கம், மனிதருக்குச் செய்து முடித்த பிறகு மிஞ்சினால் செய்வது அல்ல. ஓய்வுநாள் கட்டளையிலேயே மிருகஜீவனுக்கும் இளைப்பாறுதல் உண்டு. யோனாவின் புத்தகம், நினிவேயின் மிருகங்களையும் தேவன் எண்ணிப் பார்ப்பதோடுதான் முடிகிறது.

நாம் வாழும் லண்டனிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1824 ஜூன் 16ஆம் தேதி, இங்குள்ள ஒரு கோப்பிக் கடையில் ஆர்தர் புரூம் என்ற அங்கிலிக்கன் குருவானவர் சிலரைக் கூட்டினார். அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸும் அதில் இருந்தார். இன்றைய ஆர்.எஸ்.பி.சி.ஏ. சங்கம் அன்றுதான் பிறந்தது. அன்றே இரண்டு குழுக்களை அமைத்தார்கள். ஒன்று சந்தைகளையும் தெருக்களையும் கண்காணிக்க. மற்றது துண்டுப் பிரசுரங்களாலும் பிரசங்கங்களாலும் மக்கள் மனதை மாற்ற. அந்தச் சங்கத்தின் கடனுக்காகப் புரூம் சிறைக்கும் போனார். அடிமைகளுக்காகப் போராடிய மனிதர், மிருகங்கள் காத்திருக்கட்டும் என்று சொல்லவில்லை.

மனதை மாற்றும் அந்த வேலையைத்தான் இன்றைய பள்ளிக்கூட வகுப்புகள் செய்கின்றன. அது நமக்கும் தேவை. "சாப்பிடாவிட்டால் நாயிடம் பிடித்துக் கொடுப்பேன்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அதனால் நம் பிள்ளைகள் சிலர் நாயைக் கண்டதும் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். வேறு சிலர் பழகாத நாயை ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறார்கள். இரண்டும் ஆபத்து. சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுத் தொடுவது, சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் தொந்தரவு செய்யாமல் இருப்பது, பயந்தால் ஓடாமல் அசையாமல் நிற்பது: இவை ஒரு பிள்ளையைக் காயத்திலிருந்து காக்கும். கிறிஸ்மஸுக்கு ஆசையாக வாங்கும் நாய்க்குட்டி பத்து வருடங்களுக்கு மேலும் நம்முடன் வாழக்கூடும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே படிப்பது நல்லது.

ஹலோவீன் பற்றிய பயத்துக்கு எங்கள் பதில்: பேயும் வேண்டாம், பூதமும் வேண்டாம். நாங்கள் நோவாவின் குடும்பமாக வருகிறோம்.

மூன்றாவது கேள்விக்கு நாங்கள் தலைகுனிந்தோம். காதை மடக்கி, வாலை ஒடுக்கி, நாக்கால் மூக்கை நக்கி நக்கி நிற்கும் நாய், "எனக்கு இது பிடிக்கவில்லை" என்றுதான் சொல்கிறது. நாம் அதைப் பார்த்துச் சிரித்துப் படம் எடுக்கிறோம். இரக்கத்தைக் கற்றுக்கொடுக்கக் காசு சேர்க்கும் நாளில் இப்படி நடந்தால், பிள்ளைகள் எதைக் கற்பார்கள்? ஆகவே உடுப்பை மனிதர் போடட்டும், நாய்க்குக் கழுத்தில் ஒரு ரிப்பன் போதும், அதையும் விரும்பாவிட்டால் கழற்றிவிட வேண்டும் என்று ஒழுங்கு செய்பவர்களிடம் கேட்கப் போகிறோம். பேழைக்குள் போன மிருகங்களும் தங்கள் சொந்த ரோமத்தோடுதானே போயின!

மூப்பர்களே, எங்களுக்கு அனுமதி தாருங்கள். அம்மாமாரே, ரோல்ஸ் செய்து தாருங்கள். நாய்க்குப் பயந்த தம்பி தங்கைகளே, நீங்கள் கட்டாயம் வாருங்கள். எங்கள் மேசைக்குப் பின்னால் நின்று பாருங்கள். அருகில் போக விருப்பம் வந்தால், நாங்கள் கையைப் பிடித்துக் கூட வருவோம்.