ஜப்தியான வீட்டில் வேலை செய்தவருக்குக் கூலி எங்கே?

அமெரிக்காவில் வீட்டுக்கடன் தவணையைக் கட்ட முடியாமல் ஒரு குடும்பம் வீட்டைவிட்டு வெளியேறுகிறது என்று கேட்டால், அக்குடும்பத்துக்காக நாம் வருந்துகிறோம், வங்கியைக் குறை சொல்கிறோம். 2008ம் ஆண்டு செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தபோது வந்த செய்திகளில் பெரும்பாலானவை இந்த இரு தரப்பாரைப் பற்றியே இருந்தன. ஆனால் இக்கதையில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். குடும்பம் போனபின் பூட்டை மாற்றுபவர், விட்டுச்சென்ற பொருள்களை அள்ளுபவர், புல் வெட்டுபவர், நாறிப்போன கார்ப்பெட்டைப் பிய்த்துவிட்டுப் புதிய தரை போட்டுக்கொடுப்பவர். இவரைப் பற்றி நாம் அதிகம் கேள்விப்படுவதில்லை.

நெருக்கடி உச்சத்தில் இருந்த 2010ம் ஆண்டில் மட்டும் 28 இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு ஜப்தி தொடர்பான நோட்டீஸ் போனது. புதிய வீடு கட்டும் வேலை அப்போது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. தச்சர்களும் தரை போடுபவர்களும் வேறு வழியின்றி, கட்டிய வீட்டைக் காலி செய்து பராமரிக்கும் இந்த வேலைக்கு வந்தார்கள். 2024ல் அந்த எண்ணிக்கை மூன்று இலட்சத்துக்குச் சற்று மேல் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. வேலை குறைந்ததே தவிர, அது நடக்கும் முறை மாறவில்லை.

அந்த முறை என்ன? கடனுக்கு உரிமையாளர் அல்லது பொறுப்பாளர் பல நேரங்களில் ஃபேனி மே, ஃபிரெடி மாக் போன்ற பெரிய அமைப்பு, அல்லது அரசின் வீட்டுவசதிக் காப்பீடு. அதற்குக் கீழே தவணை வசூலிக்கும் நிறுவனம். அது வீட்டைப் பராமரிக்கும் பொறுப்பை நாடு முழுவதும் இயங்கும் ஒரு நிறுவனத்திடம் விடுகிறது. அந்த நிறுவனம் வட்டார ஒப்பந்தக்காரரிடம், அவர் உள்ளூர் ஒப்பந்தக்காரரிடம், இவர் ஒரு லாரியும் இரண்டு கையாட்களும் வைத்திருப்பவரிடம் விடுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு கழிகிறது. நூறு டாலர் வேலை என்று வைத்துக்கொள்வோம். மேல்படியில் இருபத்தைந்து, அடுத்த படியில் இருபது என்று கழிந்தால், புல் வெட்டியவர் கைக்கு வருவது அறுபதுக்கும் கீழே. பெட்ரோலும் குப்பைக் கிடங்கின் கட்டணமும் காப்பீட்டுத் தவணையும் அதிலிருந்துதான் போகவேண்டும்.

பணம் உடனே வருவதுமில்லை. முப்பது நாள், நாற்பத்தைந்து நாள், சில நேரம் அதற்கும் மேல். வேலைக்கு முன், வேலையின்போது, வேலைக்குப் பின் என்று ஒவ்வொன்றுக்கும் புகைப்படம் அனுப்பவேண்டும். ஒரு படம் குறைந்தாலும் பில் திரும்பிவிடும். குளிர்காலத்தில் குழாய்களில் உள்ள நீரை வடித்து, கழிப்பறைக் கிண்ணத்தில் உறையாத திரவம் ஊற்றி வைப்பார்கள். மூன்று மாதம் கழித்து எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால், கடைசியாக உள்ளே போனவர் யார் என்று தேடி, அந்தச் சேதத்தை அவருடைய அடுத்த பில்லில் பிடித்துக்கொள்வதும் உண்டு. குளிருக்கும் இவரே பொறுப்பு போலும்!

தரை வேலையில் சிக்கல் இன்னும் அதிகம். மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீடு அது. நிலவறையில் ஊறும் நீரை வெளியேற்றும் பம்பும் ஓடாது. ஆகவே ஈரம் மேலேறிக் கார்ப்பெட்டுக்குக் கீழே உள்ள பலகையை அழுகச்செய்கிறது. நாய், பூனைகளின் சிறுநீர் ஊறிய இடங்கள் வேறு. வேலை ஆணையில் 'கார்ப்பெட் மாற்றவும்' என்று மட்டுமே இருக்கும். பிய்த்துப் பார்த்த பிறகுதான் கீழே இருப்பது தெரியும். பலகையை மாற்ற வேண்டுமென்றால் தனி மதிப்பீடு அனுப்பி, அனுமதிக்குக் காத்திருக்கவேண்டும். காத்திருந்தால் கெடு தாண்டியதென்று அபராதம். காத்திராமல் அழுகல் மேலேயே தரை போட்டால், ஆறு மாதத்தில் தரை அமுங்கிப் புகார் அவரிடமே வரும். மரத்தரைப் பலகைகளைப் பொருத்துவதற்கு முன் சில நாள் அந்த அறையிலேயே வைத்துப் பழக்கவேண்டும். பசை பிடிக்க அறையில் ஓரளவு வெப்பம் வேண்டும். சூடேற்றும் வசதியே இல்லாத வீட்டில் இதை எப்படிச் செய்வது? ஜெனரேட்டரை அவரே கொண்டுவரவேண்டும்.

இவை பணநட்டம். உடல்நலத்துக்கு வரும் ஆபத்து வேறு. பழைய வீடுகளில் ஒன்பது அங்குலச் சதுரத் தரை ஓடுகளிலும், அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதுண்டு. சுரண்டி எடுத்தால் அந்தத் தூசு நுரையீரலுக்குள் போகும். 1978க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயம் கலந்த வண்ணப்பூச்சு இருக்கலாம். தரை போடுபவர் சுவரடிப் பலகையைக் கழற்றும்போதே அது உதிரும். 2010 ஏப்ரல் முதல், இத்தகைய வீடுகளில் வேலை செய்ய நிறுவனத்துக்குச் சான்றிதழும் ஆளுக்குப் பயிற்சியும் வேண்டும் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு விதித்தது. நல்ல விதிதான். ஆனால் அதற்கான செலவு, ஏணியின் கடைசிப் படியில் நிற்பவர் தலையில்தான் பெரும்பாலும் விழுகிறது.

கடைசிப் படியில் நிற்பவர் எப்போதும் குற்றமற்றவர் என்று நாம் சொல்லவரவில்லை. மக்கள் இன்னும் குடியிருந்த வீடுகளைக் காலி வீடு என்று சொல்லிப் பூட்டை மாற்றியதாக, நாடு தழுவிய பராமரிப்பு நிறுவனம் ஒன்றின்மீது இல்லினாய்ஸ் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2013ல் வழக்குத் தொடுத்தார். 2015ல் பத்து இலட்சம் டாலருக்கு அது சமரசமானது. கதவை உடைத்துச் சென்றவர்கள் கீழ்ப்படியில் இருந்த ஒப்பந்தக்காரர்கள். விரைந்து முடி, படம் அனுப்பு, இல்லையேல் பணமில்லை என்ற நெருக்கடி மேலிருந்து வருகிறது. கறுப்பின, இலத்தீன் மக்கள் வாழும் பகுதிகளில் தன் வீடுகளைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்ற வழக்கில், ஃபேனி மே 2022ல் 5 கோடியே 30 இலட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. புல் மண்டிய ஒரு வீடு, பக்கத்து வீட்டின் விலையையும் சேர்த்தே இறக்குகிறது.

இது எங்கோ நடப்பது, நமக்கென்ன என்று கேட்கலாம். அந்தப் புகைப்படங்களைப் பார்த்துச் சரி, தவறு என்று குறிக்கும் அலுவலக வேலையில் ஒரு பகுதி இந்தியாவில் நடக்கிறது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இரவுப் பணியில் அமர்ந்து, ஒகையோவில் உள்ள ஒரு சமையலறைத் தரையின் படத்தைத் திரையில் பார்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். நம் பங்குகளில் உள்ள பிள்ளைகளும் அவர்களில் இருக்கலாம். அவர்களுக்கும் இலக்கு உண்டு: ஒரு இரவுக்கு இத்தனை ஆணைகள். ஒரு படம் மங்கலாக இருக்கிறதென்று அவர்கள் திருப்பி அனுப்பும்போது, அங்கே ஒருவருடைய வாரக் கூலி நின்றுபோகிறது. அவர் முகம் இவர்களுக்குத் தெரியாது. இவர்கள் முகமும் அவருக்குத் தெரியாது.

இவ்வகை உறவுக்குத் திரு அவை ஏற்கனவே ஒரு பெயர் வைத்திருக்கிறது. 1981ல் வெளியான 'லபோரெம் எக்செர்சென்ஸ்' சுற்றுமடலில் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், நேரடி முதலாளியோடு மறைமுக முதலாளியைப் பற்றியும் பேசுகிறார். கூலி கொடுப்பவர் மட்டுமல்ல, அந்தக் கூலி எவ்வளவு, எப்போது என்பதை விதிகளாலும் ஒப்பந்தங்களாலும் தீர்மானிப்பவர்களும் பொறுப்பாளிகளே என்பது அவர் கருத்து. ஐந்து படிகளுள்ள இந்த ஏணிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் நமக்குக் கிடைக்கவில்லை. அன்றன்றைய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்லும் இணைச்சட்ட நூலின் கட்டளைக்கும், நாற்பத்தைந்து நாள் தவணைக்கும் இடையே உள்ள தூரத்தை நாமே அளந்துகொள்ளலாம்.

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. வேலை செய்தும் பணம் வராதவர், அந்த வீட்டின்மீதே பற்றுரிமை பதிவு செய்ய அமெரிக்க மாநிலங்களின் சட்டங்கள் இடம் தருகின்றன. பற்றுரிமை இருந்தால் வீட்டை எளிதில் விற்க முடியாது, வங்கி இறங்கிவரும். ஆனால் பல ஒப்பந்தங்கள் இந்த உரிமையை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளப் பார்க்கின்றன. அடுத்த வேலை கிடைக்காதோ என்ற அச்சத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். கையெழுத்துப் போடாதவருக்கும் காலக்கெடு உண்டு. பல மாநிலங்களில் அது வேலை முடிந்ததிலிருந்து சில மாதங்களே. பில் பரிசீலனையில் இருக்கிறது, பொறுத்திருங்கள் என்ற பதில் மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கெடு முடிந்து, வீடும் வேறொருவருக்கு விற்கப்பட்டுவிடுகிறது.