ஆளில்லா அரங்கில் ஒரு பாட்டு

இலண்டன் மாநகரின் இஸ்லிங்ரன் பகுதியில் யூனியன் சப்பல் என்றொரு தேவாலயம் உளது. 1877 இல் திறக்கப்பெற்ற அதனை வகுத்தவர் ஜேம்ஸ் கியூபிற் என்னும் கட்டடக் கலைஞர். ஆலயம் அமைக்கும் முறைபற்றி நூலே எழுதியவர். எங்கிருப்பவரும் பேசுவாரைக் காணவும் அவர் சொல்லைக் கேட்கவும் இயலவேண்டும் என்பது அவர் கொண்ட விதி. ஆதலின், பார்வையை மறைக்கும் தூண்வரிசையை விலக்கி, எண்கோணமாக மண்டபத்தை எழுப்பினார். இன்றும் வழிபாடு நிகழும் அவ்விடம், ஏறத்தாழ 900 பேர் இருந்து இசை கேட்கும் அரங்காகவும் விளங்குகின்றது.

கேட்பார்க்கென்றே கட்டிய அம்மண்டபத்தில், 2020 யூன் 6 ஆந் திகதி, எதிரே கேட்பார் ஒருவருமின்றிப் பெண்ணொருவர் கிற்றாருடன் தனியே நின்று பாடினார். அவர் பெயர் லோறா மார்லிங். 1990 இல் பிறந்தவர். தந்தையாரிடம் கிற்றார் பயின்றவர். தாமே பாட்டியற்றித் தாமே பாடுபவர். ‘எங்கள் மகளுக்கு ஒரு பாட்டு’ எனப் பொருள்படும் தலைப்புடைய தம் இசைத்தொகுப்பை அவ்வாண்டின் பிற்பகுதியில் வெளியிடக் கருதியிருந்தவர், கொரோனா நோயால் உலகம் வீட்டுக்குள் அடைபட்டபோது, ஏப்பிரல் 10 ஆந் திகதியே முற்பட வெளியிட்டுவிட்டார். யூன் மாத நிகழ்ச்சியை, சீட்டு வாங்கியோர் தத்தம் இல்லத்திருந்து இணையவழிக் கண்டனர்.

என் பழைய மாணாக்கர் ஒருவர் இந்நிகழ்ச்சியின் காணொலியை எனக்குக் காட்டினார். மெய்யைச் சொல்லிவிட வேண்டும்: கேட்கப் புகுமுன் என்னிடம் இருந்தது ஏளனமே. வகுப்பறையிற் பண்ணும் பாவும் பேசுவார்க்கு மேனாட்டுக் கிற்றாரில் என்ன வேலை என்று நினைத்திருந்தேன். இரண்டு பாட்டு முடிந்ததும் அந்நினைவு போய்விட்டது. என் ஆங்கில அறிவு பெரிதன்று. ஆயினும் சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழுந்தது. பாட்டு முடிகின்றது, கைதட்டல் இல்லை, மண்டபத்தின் மௌனம் இருக்கின்றது, அடுத்த பாட்டுத் தொடங்குகின்றது. பாட்டுக்கும் செவிக்கும் இடையே எவரும் நுழையவில்லை.

ஊரடங்கிய அந்நாளில், இன்ஸ்ரகிராம் வழியே அவர் கிற்றார் கற்பித்தும் வந்தார். நரம்புகளின் சுருதியை வெவ்வேறு முறையிற் கட்டிப் பாடுவது அவர் வழக்கம். நம் பண்டை யாழோர் பாலை திரித்தமை என் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றென்று சொல்லவரவில்லை. அவ்வாறு சொல்லித் திரிவார் நம்மிடையே மிகுதி.

அத்தலைப்பிற் கூறிய மகள் அன்று பிறந்திருக்கவில்லை. ஒரே மகனைப் பெற்ற மாயா ஏஞ்சலோ என்னும் அமெரிக்க எழுத்தாளர், தாம் பெறாத மகளுக்கு எழுதுவதாக 2008 இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலே இப்பாடகியின் கருத்துக்கும் தூண்டுதல். இல்லாத மகளுக்குப் பாடுதல் பொய்யன்றோ எனின், அன்று. பெரியாழ்வார் தம்மை யசோதையாக வைத்துக் கண்ணனைத் தாலாட்டியதைப் பொய்யென்பார் உளரோ? பாடகிக்கு மகள் உண்மையிற் பிறந்தது 2023 இல். அடுத்த ஆண்டு ஒக்ரோபரில் வெளிவந்த தொகுப்பை வீட்டிலேயே, குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு ஒலிப்பதிவு செய்தார். அதிற் பறையோசை அறவே இல்லை. குழந்தை உறங்கும் வீட்டில் வேறென் செய்வது! தம் தந்தையார் இயற்றிய பாட்டொன்றையும் அதிற் சேர்த்துள்ளார்.

அரங்கேற்றம் என்னும் சொல்லுக்கு நம்மிடம் இருந்த பொருளை இங்கே எண்ணிப் பார்க்கின்றேன். தொல்காப்பியம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது எனப் பாயிரம் கூறும். கச்சியப்பர் கந்தபுராணத்தைக் காஞ்சிக் குமரகோட்டத்தில் அரங்கேற்றினார் என்பது வரலாறு. அப்புராணத்தை ஒருவர் படிக்க மற்றொருவர் பயன்சொல்ல, நம் யாழ்ப்பாணத்துக் கோயில்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டன. அங்கெல்லாம் நூல் முதலிற் செவிக்குச் சென்றது. புகழுரை பின்னர் வந்தது.

இன்றைய வெளியீட்டு விழாவிலோ மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதி வழங்கல், நயப்புரை என நிரல் நீள்கின்றது. பாட்டு வெளியீடாயின், கடைசிப் பேருந்துக்கு மக்கள் எழுந்தபின் பாடகரை அழைக்கின்றோம். பிறரை மட்டும் குறைகூறேன். சில ஆண்டுகளின்முன் என் கட்டுரைநூல் வெளியானபோது ஒன்பதின்மர் பேசினர்; நூலிலிருந்து ஒரு பத்தியேனும் படிக்கப்படவில்லை. ஏற்புரைக்கெழுந்த நானும் நன்றி கூறியே அரைமணி நேரம் கழித்தேன்.

காணொலி காட்டிய மாணாக்கர் தாமும் பாட்டியற்றுபவர். தம் முதற்றொகுப்பின் வெளியீட்டுக்கு என்னைத் தலைமை வகிக்குமாறு கேட்கவே அன்று வந்திருந்தார். “தம்பி, தலைவர் வேண்டாம். நாற்பது கதிரை போதும். நீர் இருந்து பாடும், நான் முன்வரிசையிலிருந்து கேட்கிறேன்” என்றேன். அவர் சற்றுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “ஐயா, அழைப்பிதழ் அச்சுக்குக் கொடுத்தாயிற்று, உரையாற்றுவோர் பதினொருவர்” என்றார்.