வண்டியின் நாடி

போடியிலிருந்து ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிச் செல்லும் பழைய ஜீப் ஒன்றில் நாமும் ஒரு நாள் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்தோம். போடிமெட்டுச் சாலையின் ஒவ்வொரு கொண்டைஊசி வளைவிலும் வண்டி முக்கி முனகிற்று. டிரைவரோ வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் சத்தத்தைக் கேட்டே கியரை மாற்றினார். அவர் ஒரு மோட்டார்ப் பந்தய ரஸிகர்! பேச்சு அதன்மேல் திரும்பியது.

பந்தயம் என்றால் சீமான்களின் பொழுதுபோக்கு என்றே நாம் வெகுநாள் எண்ணியிருந்தோம். அது பாதி மெய். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமானத் தளத்தில், பல்லாண்டுகள் பந்தயம் நடந்தது. சீமை வண்டிகள் சீறிப் பாய்ந்தன. ஆனால் நம் உள்ளம் நாடுவது கோயம்புத்தூர் கரிவரதன் அமைத்த சிறு வண்டியைத்தான். குடும்பங்கள் கோயிலுக்குப் போகிற மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் அமரும் பந்தய வண்டிக்கு அவர் பொருத்தினார். 'ஃபார்முலா மாருதி' என்று அதற்குப் பெயர். எல்லாருக்கும் அதே எஞ்சின். ஆகவே பணப்பையைவிடக் கைத்திறனுக்கே அங்கு மதிப்பு. அவ்வண்டியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-ல் உலக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். அதைக் காணக் கரிவரதன் இல்லை. முன்னரே விமான விபத்தில் மாண்டுவிட்டார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவ்வளவையும் சொல்லி முடித்தோம். டிரைவர் அடுத்த வளைவைப் பார்த்தபடியே கேட்டார்: "அதெல்லாம் சரி ஸார், இந்த மேட்டிலே ஏறுமா?"