இயந்திரம் மனதுருகுமா?



மடியில் வைத்துத் தடவினால் கண்களை மூடித் திறந்து மெல்லக் குரல் எழுப்பும் வெண்ணிறக் கடல்நாய்க் குட்டி ஒன்று உண்டு. அதற்கு உயிர் இல்லை. பாரோ என்னும் இயந்திரம் அது. ஜப்பானிய விஞ்ஞானி டக்கனோரி ஷிபாடா 1993-ஆம் ஆண்டில் இதற்கான ஆய்வைத் தொடங்கினார். 2009-இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் இதனை மருத்துவச் சாதனமாக ஏற்றது. மறதி நோயுற்ற முதியோரின் கலக்கத்தைத் தணிக்கப் பல நாடுகளின் முதியோர் இல்லங்களில் இது பயன்படுகிறது.

நாயாகவோ பூனையாகவோ செய்திருந்தால், நாம் நன்கறிந்த பிராணியோடு ஒப்பிட்டுக் குறை கண்டிருப்போம். கடல்நாயை வீட்டில் வளர்த்தவர் யார்? ஆகவேதான் இந்த உருவம். தொடுதல், ஒளி, ஒலி, வெப்பம் ஆகியவற்றை அறியும் கருவிகள் இதனுள் உள்ளன. வருடினால் மகிழ்வதுபோல் நடந்துகொள்ளும். சூட்டிய பெயரையும் கற்றுக்கொள்ளும்.

இதைப்போன்ற முயற்சி அமெரிக்காவிலும் நடந்தது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சிந்தியா பிரீசீல் 1990-களின் பிற்பகுதியில் கிஸ்மெட் என்னும் இயந்திரத் தலையை உருவாக்கினார். பாராட்டுகிறோமா, கண்டிக்கிறோமா என்பதைக் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே அது பகுத்தறிந்து, புருவத்தையும் காதையும் உதட்டையும் அசைத்து முகபாவம் காட்டியது. நாம் சொன்ன சொற்களின் பொருளையோ அது அறியவில்லை.

அதே கழகத்தின் பேராசிரியை ஷெர்ரி டர்க்கிள் தாம் கண்ட ஒரு காட்சியை எழுதியிருக்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த முதிய தாய் ஒருவர் தம் துயரத்தைப் பாரோவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது அவர் கண்களை நோக்கி, பேச்சைக் கவனிப்பதுபோல் தோன்றியது. அவரும் ஆறுதலடைந்தார். பலர் வியந்தனர். டர்க்கிளின் உள்ளமோ கலங்கிற்று. மரணத்தையே அறியாத ஒன்று, பிள்ளையை இழந்த தாயை எப்படி அறியும்?

அந்தத் தாய் பெற்ற ஆறுதலைப் பொய்யென்று தள்ள நமக்கு உரிமையில்லை. பாரோவைச் சுற்றி அமர்ந்த முதியோர் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கியதும் உண்டு. ஆயினும் ஆறுதல் வேறு, மனதுருக்கம் வேறு. பிறர் துயரத்தைக் கேட்பவர் தம் நேரத்தையும் தூக்கத்தையும் சில வேளைகளில் தம் சமாதானத்தையும் இழக்கிறார். மின்கலத்தில் சிறிது மின்சாரத்தைத் தவிர இயந்திரம் எதையும் இழப்பதில்லை. அது இருக்கிறதே என்று, அருகே அமரவேண்டியவர்கள் எழுந்து போய்விடுவதே இதிலுள்ள ஆபத்து.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நம்மில் பலருடைய பெற்றோர் அங்கே தனித்திருக்கிறார்கள். "சாப்பிட்டீர்களா அம்மா? மாத்திரை போட்டீர்களா?" என்று தொலைபேசியில் விசாரிக்கிறோம். அவர்கள் பக்கத்து வீட்டுச் சாவைப் பற்றியோ, இரவில் வரும் பயத்தைப் பற்றியோ சொல்லும்போது, கண் வேறெங்கோ இருக்க, "உம், உம்" என்கிறோம். அந்த ஒலியை இயந்திரமும் எழுப்பும்.

அடுத்த முறை அழைக்கும்போது ஒன்று செய்யுங்கள். "அந்தப் பயம் இன்னும் இருக்கிறதா அம்மா?" என்று நீங்களே கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை தொலைபேசியை வைக்காதிருங்கள்.